எந்தக் கலிபர், அக்கா?

செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வரிசை காலை ஆறரைக்கே றோட்டுக்கு வந்துவிடும். மரியகொறற்றியும் அதில்தான் நின்றாள். கையில் மெழுகுதிரிப் பொதி, தோளில் வேலைக்குக் கொண்டுபோகும் பை. எட்டு மணிக்குள் துறைமுகத்துக் கப்பல் திருத்தும் யார்ட்டில் நிற்க வேண்டும்; இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று சோதிப்பது அவளுடைய வேலை. வாசலில் பொலிஸ்காரி ஒருத்தி ஒவ்வொரு பையாகத் திறந்து கிளறிக்கொண்டிருந்தாள். சட்டையில் நதீஷா என்று பெயர். கொறற்றிக்கு முன்னால் ஏழெட்டுப் பேர்தான்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி றொஹானின் குரல் செய்தி வந்தது. அவன் நியூசிலாந்தில் இருக்கிறான். அங்கே அப்போது மத்தியானம் ஒரு மணி. இயர்ஃபோனைக் காதில் செருகினாள்.

"அக்கா, நல்ல நியூஸ்! ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒரு படம் அனுப்பினனே, ஞாபகமா? நூறு வருஷப் பழசான பட்டாள றைபிளிண்ட அக்‌ஷன், அதான் ரவையைப் பூட்டிப் பிடிக்கிற நடு இரும்பு. நீ உன்ட யார்ட் வேலையில சொல்லித் தந்த மாதிரியே, வெடிப்புக்குள்ள இறங்கிற சிவப்புச் சாயம் பூசி, மேல வெள்ளைப் பவுடர் தூவிப் பார்த்தனான். ஒரு கோடு தெரிஞ்சுது. வெடிப்பா, கீறலா எண்டு உன்னட்டக் கேட்டனான். சந்தேகம் எண்டால் பழைய ஏழு மில்லிமீற்றர் ரவைக்குக் குழல் போடலாம், அது மெதுவான அடி. கீறல்தான் எண்டால் த்ரீ-ஓ-எயிற், அது பலத்த அடி, கடையிலயும் தாராளமாக் கிடைக்கும். எந்தக் கலிபர், எந்த அளவு ரவை அக்கா எண்டு கேட்டதுக்கு நீ பெருவிரலைத் தூக்கிக் காட்டினியே, அப்ப கீறல்தான் எண்டு எடுத்திட்டன்! அந்தத் தைரியத்தில த்ரீ-ஓ-எயிற்றே போட்டிட்டன். குழல் கராஜில நானே லேத்தில கடைஞ்சு பூட்டினது. இப்ப சுட்டுப் பழகுற ரேஞ்சில நிக்கிறன். முதல் வெடி உன்ட பேரில!"

கொறற்றி அந்தப் படத்தைத் திறந்து பார்க்கவே இல்லை.

அவளைத் திட்ட வாயெடுக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இரண்டாயிரத்தேழில், யுத்தம் நடந்த நேரம், கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய வீட்டைப் பொலிஸ் சோதனை போட்டபோது, றொஹானின் கொம்பியூட்டரில் ஏதோ ஒரு கேமின் துவக்குப் படம் இருந்தது. விளையாட்டுப் படம், சத்தியமாக விளையாட்டுப் படம். பத்தொன்பது வயசுப் பெடியனை அந்தப் படத்தோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொலிஸ் வாசலில் சாப்பாட்டுப் பார்சலோடு பதினொரு நாள் நின்றவள் கொறற்றி. பன்னிரண்டாம் நாள் வந்தவன் ஒரு மாதம் லைட்டை அணைக்கவிடாமல் படுத்தான். அன்றைக்கு அவள் போட்ட சட்டம்: அந்தச் சாமானின் படம் வீட்டில் இருக்கக்கூடாது, ஃபோனில் இருக்கக்கூடாது, அந்தச் சொல்லையே வாயால் சொல்லக்கூடாது. இரண்டாயிரத்துப் பத்தொன்பது உயிர்த்த ஞாயிறன்று இந்தக் கோயிலில் குண்டு வெடித்த பிறகு இந்த வாசலிலேயே ஃபோனை வாங்கிப் பார்த்த நாட்களும் உண்டு. அதனால்தான் படத்தின் மூலையில் துவக்கின் சாயல் தெரிந்ததுமே, கூட வந்த குரலைக்கூடக் கேட்காமல் அழித்தாள். கேள்வி கேட்டுவிடுவானே என்று ஓகே என்று ஒரு பெருவிரல் படத்தையும் தட்டிவிட்டாள். யார்ட்டில் ஒரு போல்ட்டைக்கூடப் பார்க்காமல் பாஸ் பண்ணாதவள்!

அந்தக் கோடு வெடிப்பாக இருந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இரும்பு பிளந்தால் ரவையின் பின்னால் நிற்கும் பூட்டு பின்பக்கமாகப் பாயும். பின்னால் இருப்பது றொஹானின் வலது கண்.

றொஹானுக்குக் கோல் எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தாள். ஐயோ, சத்தத்துக்குக் காதை மூடிக்கொண்டு சுடப் படுத்திருப்பான், எங்கே கேட்கப்போகிறது! வரிசை ஒரு அடி நகர்ந்தது. பின்னால் நின்ற அம்மா "போங்க பிள்ளை" என்று முதுகில் தட்டினாள். கொறற்றி தம்பியின் மனைவி ரொஷேலுக்கு அடித்தாள். மூன்றாம் மணிக்கு ஆள் வந்தது.

"அக்கா! வீடியோ எடுக்கத்தான் நிக்கிறன். சரியான காத்து இங்க."

"ரொஷேல், றொஹானிட்டச் சொல்லு, அந்த... அந்த வேலை இண்டைக்கு வேண்டாம்."

"என்ன வேலை?"

"அதுதான், அந்தச் சாமான். பிறகு பார்ப்பம் எண்டு சொல்லு."

"எந்தச் சாமான் அக்கா? ஒண்டும் விளங்கேல்ல. இரு, சுடத் தொடங்கலாம் எண்டு சிவப்புக் கொடி ஏத்திட்டாங்க, இவர் படுத்திட்டார்."

கொறற்றி சுற்றிப் பார்த்தாள். மூன்று பேருக்கு முன்னால் நதீஷா, மதிலோரம் துப்பாக்கியோடு இரண்டு ஆமிக்காரர், முன்னும் பின்னும் சனம். துவக்கு என்ற சொல் தமிழனுக்கும் விளங்கும், சிங்களவனுக்கும் விளங்கும். எந்தப் பாஷையிலும் அதை ஒளிக்க வழியில்லை.

"ரொஷேல், ப்ளீஸ், அவனை எழுப்பு!"

"ரவை போடுறார் அக்கா. முடிய எடுக்கிறன், சரியா?"

"துவக்கு!" என்று கத்தினாள் கொறற்றி. "அந்தத் துவக்கைச் சுட வேண்டாம் எண்டு சொல்லு! சுட வேண்டாம்! வெடிச்சுக் கண் போயிரும்! ஓடிப் போய் அவனை இழு, ரொஷேல்!"

முன்னால் நின்றவர்கள் விலகினார்கள். முதுகில் தட்டிய அம்மா பூமாலையைக் கீழே போட்டுவிட்டு, பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினாள். ஆமிக்காரர் இரண்டு பேரும் மதிலை விட்டு வந்தார்கள். நதீஷா மற்றவருடைய பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கொறற்றியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

இயர்ஃபோனுக்குள் டமார் என்று ஒரு வெடி.

கொறற்றி நின்ற இடத்திலேயே குந்திவிட்டாள். மெழுகுதிரிகள் உருண்டன. என்ட அந்தோனியாரே, கொன்றுவிட்டேன், ஒரு விரலால் என்ட தம்பியைக் கொன்றுவிட்டேன். அவளுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"அக்கா? அக்கா! என்ன இவள் பைத்தியம் மாதிரிக் காலைப் பிடிச்சு இழுக்கிறாள்?"

றொஹான்! "நீ சுடேல்லையா?"

"அது பக்கத்து ஆள் சுட்டது. என்ன அக்கா, நீதானே ஓகே எண்டாய்?"

"நான் படத்தைப் பார்க்கேல்ல, றொஹான். பயத்தில அழிச்சிட்டன். பார்க்காமலே விரலைக் காட்டிட்டன்." சொல்லும்போதே கண்ணால் தண்ணீர் ஓடியது. "ரவையைக் கழட்டு. கழட்டிட்டு அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பு. இப்பவே."

அந்தப் பக்கம் இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது.

"கழட்டிட்டன். நீ துவக்கு எண்டு கத்தினதா இவள் சொல்றாள். எங்க நிக்கிறாய்?"

"கொச்சிக்கடைக் கோயில் வாசல்ல."

"செவ்வாய்க்கிழமை... செக்கிங் இருக்குமே. பொலிஸ் நிக்கிறாங்களா?"

"பக்கத்திலதான் நிக்கிறா."

யுத்தம் முடிந்து எத்தனை வருஷம், இன்னும் ஏன் பயப்படுகிறாய் என்று வாரத்துக்கு ஒரு தரம் அவளைப் பகிடி பண்ணுகிறவன் அவன். இப்போது அவன்தான் அவசரப்படுத்தினான். "அக்கா, படம் வேண்டாம். நான் அனுப்ப மாட்டன். எல்லாத்தையும் அழி. என்ட நம்பரையும் அழி. ஃபோனைக் கட் பண்ணு, அக்கா, உன்னைக் கொண்டு போயிருவாங்கள்!"

"அனுப்படா! அனுப்பாட்டி, நாளைக்கு நீயே அதைக் கீறல்தான் எண்டு சொல்லிக்கொண்டு போய்ப் படுப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?"

நதீஷா மற்றக் கையை நீட்டினாள். "ஃபோன் எக்க தென்ன." ஃபோனைத் தா என்கிறாள். குரலில் கோபம் இருந்தது, கண் கொறற்றியின் பையிலேயே இருந்தது. அவளுக்கும் பயம்தானே.

"பொட்டக் இன்ன, மிஸ்," என்றாள் கொறற்றி. கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். "மகே மல்லி." என்ட தம்பி. அதற்கு மேல் சிங்களத்தில் விளங்கப்படுத்த நேரம் இல்லை.

படம் வந்து விழுந்தது. பொலிஸ்காரி ஒரு கையைப் பிடித்திருக்க, ஆமிக்காரர் தலைக்கு மேலால் எட்டிப் பார்க்க, கொறற்றி அதைத் திறந்தாள். இரண்டு விரலை வைத்துப் பெரிதாக்கினாள். வெள்ளைப் பவுடருக்கு மேல் சிவப்பாக ஒரு கோடு, பூட்டு வந்து உட்காரும் பள்ளத்தின் மூலையில் தொடங்கி வளைந்து போனது. கீறல் நேராக ஓடும், ஒரே அளவாக இருக்கும். இது மெலிந்து, தடித்து, ஓரத்தில் சிவப்பு கசிந்திருந்தது. இப்படி ஒன்று கிரேன் கொக்கியில் தெரிந்தால் அந்தக் கிரேனையே நிறுத்திவிடுவாள்.

"வெடிப்பு," என்றாள். "வலது பக்கம், உள் மூலையில இருந்து. ஆழமாப் போயிருக்கு."

"அப்ப ஏழு மில்லிமீற்றர் போடட்டா, அக்கா?" மெதுவாகக் கேட்டான். இவ்வளவு நடந்த பிறகும்!

"ஒரு கலிபரும் போடாத. இரும்பு அறுக்கிற வாளால வெட்டி ரெண்டாப் போடு அதை. வெட்டினதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அழிக்க மாட்டன், பார்ப்பன்."

அவன் அழுவது கேட்டது. கொறற்றி இயர்ஃபோனைக் கழற்றினாள். பிறகு படத்தை மூடாமலே ஃபோனை நதீஷாவின் கையில் கொடுத்தாள்.