கண்ணில் ஓடிய புழு

சாலாவின் முகத்தில் விழுந்த முதல் அடியே உலக்கையடி. இரண்டு பல் தெறித்தது. மாத்திரை கொடுத்தவன் தானாகவே ஊருக்குள் வந்து மாட்டினான் என்று ஒண்டோவாவும் தம்பிகளும் மாற்றி மாற்றி மிதித்தார்கள். குடிசைக்குள் அவர்களின் நடுத்தம்பி எவினா நினைவில்லாமல் கிடந்தான். மாத்திரை தின்ற மறுநாளே நாக்குக் குழறி விழுந்தவன். அவன் தலையை மடியில் ஏந்தியிருந்த மனைவி மெங்கேவுக்கு ஒவ்வொரு அடியும் கேட்டது.

மாத்திரைக்கு வரிசையில் நின்ற அன்று, கண்ணில் புழு ஓடியதா என்று எல்லோரையும் கேட்டுத்தான் சாலா கொடுத்தான். ஓடியவர்களுக்கு இது ஆகாது, மூளையைத் தாக்கும் என்றும் சொன்னான். ஆற்று ஈ கடித்துப் பார்வை போகாமல் இருக்கத் தரும் மாத்திரை அது. தின்றால் ஆம்பளைத்தனம் ஏறும் என்று கள் குடிக்கிற இடத்தில் எவனோ கிளப்பிவிட்டிருந்தான். எவினா இல்லை என்று தலையாட்டினான். முந்தின வாரம்தான் அவன் வெள்ளை விழியில் புழு நெளிந்து போனதை மெங்கே பார்த்திருந்தாள். வாயைத் திறக்கப்போனவளின் இடுப்பைக் கிள்ளி அடக்கினான்.

முன்பெல்லாம் அந்தந்தக் குடும்பத்துக்கு அவர்களிலேயே ஒருவர் மாத்திரை கொடுப்பார். யார் கண்ணில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? மாத்திரைத் திட்டத்தைப் பெரிதாக்கக் கிளம்பிய புண்ணியவான்கள் அக்கரைக்காரன் சாலாவின் தலையில் ஐந்து ஊரைக் கட்டிவிட்டார்கள். இரத்தத்தில் அந்தப் புழு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி தார் ரோடு போகிற ஊர்களோடு நின்றுபோனது. சாலாவால் கேட்கத்தான் முடியும். நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது?

"அண்ணே, என்னை அப்புறம் அடிங்க. முதல்ல அவனை வண்டியில ஏத்துங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா எழுந்திருச்சிருவான்."

எவினா விழுந்த சேதி கேட்டதும் அதற்காகத்தான் சாலா மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். தப்பிக்கப் பார்க்கிறான் என்று ஒண்டோவா அவன் விரல்களைக் குதிகாலால் நசுக்கினான். கடைசித் தம்பி வண்டியைச் சாய்த்துப் பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டுத் தீப்பெட்டி தேடினான். ஊரில் வேறு வண்டி கிடையாது.

உண்மையைச் சொன்னால், தெரிந்தே வாய்மூடிப் புருஷனைக் கொன்றவள் என்பார்கள். போன வருடம் அப்படி ஒருத்தியைக் கட்டிவைத்து மிளகாய்ப் புகை போட்டவன் இதே ஒண்டோவாதான். மெங்கே புருஷன் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை. வெளியே வண்டியிலிருந்து குப்பென்று தீ எழுந்த பிறகுதான் ஓடிவந்தாள்.

"மாமா, அவரை விடுங்க. கண்ணுல புழு ஓடுச்சு, நான் பார்த்தேன். உங்க தம்பிதான் மறைச்சாரு."

உலக்கை அவள் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்தது அவளுக்கே கேட்டது. ஒண்டோவா மறுபடி ஓங்கும்போது உள்ளே எவினாவுக்கு மூச்சு கரகரவென்று இழுத்தது. உலக்கையை எறிந்துவிட்டு வண்டியைத் தூக்கச் சொல்லிக் கத்தினான். அது டயரோடு எரிந்துகொண்டிருந்தது.

மூங்கில் கட்டிலோடு எவினாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எச்சில் அடைக்காதபடி அவன் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சாலாவும் நொண்டியபடி கூடவே போனான். தார் ரோடு கண்ணுக்குத் தெரிந்த மேட்டில் எவினாவின் மூச்சு நின்றது.

ஒண்டோவா மண்ணில் உட்கார்ந்தான். சாலாவின் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"வண்டி இருந்திருந்தா?"

சாலா வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பினான்.

"பொழச்சிருப்பான்."

கேட்டவன் ஒண்டோவா. முறிந்த தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற மெங்கேதான் அலறினாள்.