நடக்க வைப்பதும் விழ வைப்பதும்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ட்ராய் சரளைச் சாலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போவான். அவன் மனைவி நோரீன் பின்னாலேயே காரை ஊர விட்டுக்கொண்டு வருவாள். எவ்வளவு தூசி பறந்தாலும் கார்க் கண்ணாடியை ஏற்ற மாட்டாள். அவன் சைக்கிளின் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பக்கத்துப் பண்ணைக்காரர் டுவேன் ஒருமுறை பிக்கப் வண்டியை வேலியோரம் நிறுத்தி, "என்ன நோரீன், யாரு செத்துட்டாங்க? ஊர்வலம் இவ்ளோ மெதுவாப் போகுது?" என்று கேட்டார். சிரிக்க வைக்கத்தான் கேட்டார். நோரீன் சிரிக்கவில்லை. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார்.

முன்பெல்லாம் அப்படி இல்லை. அவர்கள் பழகியதே இந்தச் சாலைகளில்தான். ஏப்ரலில் மேய்ச்சல் குன்றுகளுக்குத் தீ வைத்து, கரிக்கடியிலிருந்து புல் கிளம்பி, மே மாதம் குன்றுகள் பச்சையாகும்போது எங்கள் பக்கத்தில் நூறு மைல் சைக்கிள் சவாரி நடக்கும். வழியில் யாரும் உதவ மாட்டார்கள். முடியாமல் போனால் யார் வந்து அழைத்துப்போவார் என்று ஒரு பெயரை மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். இருவருமே ஓட்டுகிறவர்கள் என்பதால் வருஷாவருஷம் டுவேன் பெயரைக் கொடுப்பார்கள். இப்போது ட்ராய் கொடுப்பது நோரீன் பெயரை. அவளுக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்தில் ஓட்டியவள் அவள், காத்துக்கிடக்கும் பெயராக இருக்க அவள் மனம் ஒப்பவில்லை.

ஆனால் ட்ராய் விழுந்த அந்த இறக்கத்தை மறக்க முடியாமல் அவள் சைக்கிளையே விட்டிருந்தாள். பழைய சுண்ணாம்புக்கல் பள்ளிக்கூடம் தாண்டியதும் சாலை நேராகக் கீழே பாயும். அடியில், மாடுகள் தாண்டாமல் இருக்கக் குறுக்கே இடைவெளி விட்டு இரும்புக் குழாய்கள் பதித்திருக்கும். அந்த வருஷம் ட்ராய் இணையத்தில் ஒரு கார்பன் ஹேண்டில்பார் வாங்கி மாட்டியிருந்தான். செய்தவர் பெயர்கூட அதில் இல்லை. அடிமாட்டு விலை, கையில் எடுத்தால் எடையே தெரியாது.

"உன் ஹேண்டில்பார்ல கிரிக் கிரிக்குனு ஏதோ சத்தம் வருது" என்று நோரீன் அந்த வாரம் சொன்னாள்.

"தூசிம்மா அது" என்று சிரித்தான்.

இரும்புக் குழாய்களின் மேல் சக்கரம் ஏறியபோது அந்த ஹேண்டில்பார் இரண்டாக முறிந்தது. தோள் எலும்பும் தாடையும் போயின. பின்னால் வந்த நோரீன்தான் அவன் முகத்தை மடியில் ஏந்திக்கொண்டு நடுச்சாலையில் உட்கார்ந்திருந்தாள். தாடை கூடிவிட்டது. இன்றும் ஒரு பக்கத்தால்தான் மெல்லுவான்.

'நான் அப்பவே சொன்னேனே' என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. அவனும் அதற்குப் பிறகு சைக்கிளைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வசந்தங்கள் அப்படிப் போயின. ஞாயிறுகளில் பள்ளிக்கூடம் வந்ததும் அவன் சைக்கிளைத் திருப்பிவிடுவான். அவளும் காரைத் திருப்புவாள்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு மாலை, பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நோரீன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்குப் புதுசா ஒரு சைக்கிள் அசெம்பிள் பண்ணிக் குடு."

ட்ராய் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆனா ஒவ்வொரு சாமானையும் நான்தான் பாத்து வாங்குவேன். நீ வாயத் தொறக்கக் கூடாது."

தலையாட்டினான்.

பேர்போன கம்பெனிச் சாமான்களாகவே போட்டால் அவர்கள் தங்கள் பிக்கப்பையே விற்க வேண்டியிருக்கும். சீனச் சாமான்தான் கட்டுப்படியாகும். அது நோரீனுக்கும் தெரியும். அவள் தானியக் கிடங்கில் எடை போட்டுத் தரம் பார்க்கிறவள். லாரி வந்து நின்றால் மேலே மின்னும் கோதுமையைப் பார்க்கவே மாட்டாள். நீளக் குழாயை அடிவரை குத்தி, அங்கிருந்து வருவதைத்தான் உள்ளங்கையில் போட்டுப் பார்ப்பாள். இணையத்திலும் அப்படியே செய்தாள். புகழ்ந்தவர்களை ஒதுக்கிவிட்டு, திட்டியவர்கள் எழுதியதை முதலில் படித்தாள்.

சமையலறையில் இரண்டு அட்டைப் பெட்டிகளை வைத்தாள். உடைந்தால் வீட்டுக்கு நடந்து வர வைக்கும் சாமானெல்லாம் ஒன்றில். உடைந்தால் ஆளைக் கீழே தள்ளும் சாமானெல்லாம் இன்னொன்றில். செயினும் கியரும் நடக்க வைப்பவை. அவற்றில் மலிவைப் பார்த்தாள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் ஹேண்டில்பாரும் பிரேக்கும் விழ வைப்பவை. அந்தப் பெட்டி வெகுநாள் காலியாகவே கிடந்தது.

டுவேன் ஒருநாள் முட்டை கொடுக்க வந்தவர் பெட்டிகளைப் பார்த்தார். "மறுபடியும் சீனாக்காரன் சாமானா? பட்டது போதாதா?"

"டுவேன், உங்க காதுல மிஷின் மாட்டியிருக்கீங்களே, அது எங்க செஞ்சது?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல. முட்டைக்கு நன்றி."

ஹேண்டில்பாருக்காக சீனாவின் ஷியாமென் நகரத்துக் கடை ஒன்றுக்கு எழுதினாள். பதில் எழுதுகிற பெண்ணின் பெயர் சூஃபாங். 'உங்கள் கார்பன் ஹேண்டில்பாரை உங்கள் அண்ணன் சைக்கிளில் போடுவீர்களா?' என்று நோரீன் கேட்டிருந்தாள். மறுநாள் மொழிபெயர்ப்புக் கருவியின் விறைப்பான சொற்களில் பதில் வந்தது. 'எனக்கு அண்ணன் இல்லை. என் கணவர் ஓட்டுகிறார். கல் சாலைக்கு அவர் அலுமினியம் போட்டிருக்கிறார். கனம் அதிகம், விலை பாதி. சோதனை அறிக்கையை அனுப்புகிறேன்.'

நோரீன் அதை இன்னொரு முறை படித்தாள். அந்த அலுமினியத்தையே வாங்கினாள்.

மிச்சமிருந்தது கியர் மட்டும். கைப்பிடியில் இருந்து கியர் மாற்றும் லீவரை ஒரு கம்பெனியிலும், பின்சக்கரத்தில் செயினைத் தள்ளும் கியர் மாற்றியை வேறொரு கம்பெனியிலும் தேர்ந்தெடுத்தாள். அந்தந்தக் கம்பெனியில் அதுதான் நன்றாக இருக்கிறது என்று திட்டுகிறவர்கள்கூட எழுதியிருந்தார்கள். அவள் ஆர்டர் போட்டபோது ட்ராய் பின்னால் நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் கை ஒரு கணம் நின்றது. பிறகு அதே தட்டை மறுபடியும் துடைத்தான்.

பொட்டலங்கள் வந்து சேர்ந்தன. ட்ராய் கராஜில் சைக்கிளைத் தாங்கியில் மாட்டி வேலையைத் தொடங்கினான். எந்தத் திருகை எவ்வளவு இறுக்கலாம் என்று காட்டும் திருகுசாவி ஒன்றை அதற்கென்றே வாங்கியிருந்தான். முன்பு அவனிடம் அது கிடையாது, கைப்பழக்கத்தில் இறுக்குவான். எல்லாம் சரியாக அமைந்தது, கியரைத் தவிர.

சனிக்கிழமை மதியம் நோரீன் காபியோடு கராஜுக்குப் போனபோது அவன் ஒரு சின்ன வளையத்தை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான்.

"என்ன செய்யிற?"

"கொஞ்சம் சரி பண்றேன்."

"எது சரியில்ல?"

அவன் பெடலைச் சுற்றி லீவரைத் தட்டினான். செயின் ஒரு பல்சக்கரத்துக்கு ஏறியது, அடுத்ததற்கு ஏறியது, அதற்கடுத்து எதிலும் உட்காராமல் இரண்டுக்கும் நடுவில் கடகடவென்று தத்தளித்தது.

"லீவர் ஒரு தட்டுக்கு இழுக்கிற கேபிள் அளவு வேற. பின்னால இருக்கிறது கேக்குற அளவு வேற. வேற வேற கம்பெனி நோரி. எவ்ளோ திருகினாலும் ஒத்துவராது."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

அவன் அரத்தைக் கீழே வைத்தான். "நீ ஆர்டர் போட்டப்பவே."

"அப்பவேவா? ஏன் சொல்லல?"

"வாயத் தொறக்கக் கூடாதுன்னியே."

"ட்ராய்!"

"சொல்ற தகுதி எனக்கு எங்க இருக்கு? அந்தச் சத்தத்தத் தூசின்னு சொன்ன வாய் இது."

விழுந்த நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் பேசியது அதுதான் முதல் தடவை. நோரீன் காபிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

"நான் எதுக்கு சைக்கிள் கேட்டேன்னு நெனக்கிற? கார்ல பின்னால வந்து ஒவ்வொரு கல்லுக்கும் செத்துப் பொழைக்கிறேன். இதுக்கு உன் பக்கத்துல ஓட்டிட்டே பயப்படலாம்னுதான் கேட்டேன். நீ பக்கத்துல ஊமையா வந்தா நான் யார்கூட ஓட்டுறது?"

அவன் துணியை எடுத்துச் செயினைத் துடைக்கத் தொடங்கினான்.

"வாயத் தொறக்காதேன்னு சொன்னது என் தப்பு. கோவத்துல சொன்னேன். ஆனா அன்னிக்கு நான் உன்ன வாய மூடச் சொல்லல ட்ராய். கொஞ்சம் காதக் குடுன்னுதான் சொன்னேன்."

"தெரியும்" என்றான். "அந்த வாரம் எனக்கும் கேட்டுச்சு நோரி. உனக்கு முன்னாடியே கேட்டுச்சு."

அவள் எழுந்து போய் கிரீஸ் படிந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி" என்றான் ட்ராய். "இந்த லீவரத் திருப்பி அனுப்பு. பின்னால இருக்குல்ல, அதே கம்பெனி லீவர வாங்கு."

"அதப் பத்தி ஒருத்தன் மோசமா எழுதியிருந்தான்."

"என்னன்னு?"

"தட்டினா கரகரன்னு இருக்காம்."

"கரகரன்னு இருந்தா நடக்கணுமா, விழணுமா?"

கண்ணைத் துடைத்தபடி நோரீன் சிரித்துவிட்டாள். "ரெண்டும் வேணாம்."

"அப்ப வாங்கு. இன்னொண்ணும் சொல்லணும். அந்த சீட் பாக்கவே சகிக்கல."

"வாய மூடு."

புது லீவர் வந்து சேர்ந்தபோது குன்றுகளில் தீ வைத்து முடித்திருந்தார்கள். அந்த ஞாயிறு கார் வீட்டிலேயே நின்றது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் மிதித்தார்கள். காற்றில் கரி வாசம். லீவர் கரகரத்தது, கியர் தவறாமல் விழுந்தது. பள்ளிக்கூடம் வந்தது. ட்ராய் சைக்கிளைத் திருப்பவில்லை.

இறக்கத்தின் உச்சியில் அவன் கையைத் தூக்கினான். "நில்லு. உன் வண்டியில ஏதோ சத்தம்."

நோரீனுக்கும் கேட்டிருந்தது. டிக், டிக் என்று மெல்லிய சத்தம். அவன் சொல்கிறானா என்று பார்க்கத்தான் சும்மா இருந்தாள். இறங்கினாள். அவன் திருகுசாவியை எடுத்து ஹேண்டில்பாரிலிருந்து தொடங்கினான். ஒவ்வொரு திருகாக இறுக்கிப் பார்த்தான், ஃபோர்க்கைக் குலுக்கினான், பிரேக்கை அழுத்தினான், காதை வைத்துக் கேட்டான். அவசரப்படவில்லை. தண்ணீர் பாட்டில் கூட்டின் திருகு தளர்ந்திருந்தது.

"நடக்க வைக்கிறதா?" என்று கேட்டாள்.

"தாகத்தோட நடக்க வைக்கும்" என்று இறுக்கினான்.

கீழே இரும்புக் குழாய்கள் வெயிலில் பளபளத்தன. நோரீன் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திரும்பிடலாமா?" என்றான் மெதுவாக.

"வேணாம். நான் முன்னால போறேன். நீ கேட்டுக்கிட்டே வா."

அவள் கிளம்பினாள். சரளை நழுவியது, காற்று காதை அடைத்தது. குழாய்களின் மேல் சக்கரங்கள் தடதடவென்று ஏறி இறங்கின. கைப்பிடி அவள் கையில் அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். ட்ராய் இன்னும் பாதி இறக்கத்தில் வந்துகொண்டிருந்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சக்கரத்தடியில் கற்கள் நெரியும் ஓசை, பிறகு தடதடப்பு, பிறகு அவன் மூச்சு. அவ்வளவுதான்.

அவன் பக்கத்தில் வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது. அவள் அவனுக்குத் தண்ணீரை நீட்டினாள்.

குடித்துவிட்டுக் கேட்டான்: "மே மாசத்துக்கு யார் பேரக் குடுக்குறது?"

"டுவேன் பேர."

"அவருக்குத்தான் காது கேக்காதே."

"நமக்குக் கேக்குதுல்ல? போதும். வா."

கரிந்த குன்றுகளுக்கு நடுவே இருவரும் மிதித்தார்கள். சாலையின் வெள்ளைத் தூசி எழும்பி இருவர் மேலும் ஒன்றுபோலப் படிந்தது.