வியாகுலமேரியின் நாக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் வருஷம் ஆவூர் வியாகுலமேரிக்குக் கழுத்தில் புற்றுநோய்க் கட்டி வந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒருதடவை ஊசி போட்டார்கள். கட்டி கரைந்துகொண்டு வந்தது. ஆனால் ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் நாலு நாள் ஓயாத வாந்தி. எழுந்து நின்றால் கால் துவண்டது. எதை வாயில் வைத்தாலும் மண்ணை மெல்லுகிற மாதிரி இருந்தது.

மூன்றாவது ஊசிக்குப் போனபோது டாக்டரம்மா ஒரு பாட்டில் மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்.

"இது நோய்க்கு இல்லம்மா. அதை ஊசி பாத்துக்கும். வாந்தியில ஒடம்புல இருந்த தாது உப்பெல்லாம் போயிருச்சு. நீங்க எந்திரிச்சு நடமாட வேண்டாமா, அதுக்குத்தான் இது. குடிக்கச் சகிக்காது. தண்ணியில கலந்து குடிங்க."

அவளுக்கு அது வெறும் தண்ணீராகவே இறங்கியது. துணைக்குத் தானும் குடிக்கிறேன் என்று ஒரு மடக்கு குடித்த புருஷன் பங்கிராஸ், வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினான்.

பத்து நாளில் அவள் கிணற்றடி வரை நடந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கே போய்வந்தாள். ருசி மட்டும் திரும்பவில்லை.

சமையல் பங்கிராஸ் கைக்குப் போயிருந்தது. அவன் தபால்காரன். கடிதம் கொடுக்கப் போகும் வீடுகளில் குழம்புக்குப் பக்குவம் கேட்டுக்கொண்டு வருவான். ஒரு வீட்டில் வெந்தயம் என்பார்கள், மறு வீட்டில் சோம்பு என்பார்கள். யார் மனமும் நோகக்கூடாதென்று எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுவிடுவான். பசியோடு வருகிறவனுக்கு அது தேவாமிர்தமாக இருந்தது.

"எப்படி இருக்கு மேரி?"

"நல்லா இருக்குங்க."

வேர்த்து வழிய அடுப்படியில் நிற்கிறவனிடம் வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆறாவது ஊசியோடு கட்டி முழுக்கக் கரைந்துபோனதால் நிறுத்தினார்கள். ஒரு மாதம் கழித்து ஒருநாள் காலையில் மருந்தை வாயில் ஊற்றியவள் முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

"என்னங்க, இந்தக் கருமத்தையா இத்தன நாளாக் குடிச்சேன்?"

பங்கிராஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு விரால் மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தான். பக்கத்துத் தெருவிலிருந்த மச்சினி அடைக்கலமேரியையும் சாப்பிடக் கூப்பிட்டான்.

முதல் கவளத்தை வாயில் வைத்த வியாகுலமேரி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடைக்கலமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னத்தா, உப்புக் கூடிருச்சா?" என்றான் பங்கிராஸ், பெண்சாதியிடம்.

"உப்பு மட்டுமா கூடியிருக்கு?"

"நாலு மாசமா நல்லா இருக்குன்னியே."

"எனக்கு நாக்கு எங்கங்க இருந்துச்சு? நீங்க எதிர்ல ஒக்காந்து நான் திங்கிறதையே பாத்துக்கிட்டு இருப்பீங்க. அதான் திம்பேன்."

அவன் சட்டியை எட்டிப் பார்த்தான். அடைக்கலமேரிக்குச் சிரிப்பு பீறிட்டது. அவனுக்கும் தொற்றிக்கொண்டது.

வியாகுலமேரி யார் கையையும் பிடிக்காமல் எழுந்து அடுப்படிக்குப் போனாள். புளியைக் கரைத்து ஊற்றி, தேங்காயை அரைத்துக் கலந்து, சட்டியை மறுபடி கொதிக்கவிட்டாள். பங்கிராஸ் அடுப்பை ஊதினான். நடுநடுவே அவள் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, இன்னும் இன்னும் என்று தலையாட்டினாள். குழம்பு சரியாகிவிட்ட பிறகும் இரண்டு தடவை நக்கிப் பார்த்தாள்.