அரை மணி நேர ஏற்றம்

பேருந்து நிலைய டிக்கெட் கவுன்ட்டரில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மலைமேல் இருக்கும் காட்சி முனைக்கு வழி கேட்காத வெளியூர்க்காரர் கிடையாது. “எட்டாம் நம்பர் பஸ், கடைசி ஸ்டாப், தண்ணித் தொட்டிகிட்ட இடது பக்கம் திரும்புங்க, அரை மணி நேர நடை.” தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அந்தத் தைரியத்தில்தான் தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வெளிநாட்டில் நர்ஸாக இருக்கிறவன், பன்னிரண்டு வருடம் கழித்து இரண்டு வார லீவில் வந்திருந்தான். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வேலை தருகிறோம், இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல் என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கும் ரோஷம் உண்டு. மேலே நின்று ஊரை ஒரு தடவை பார்த்தால் மனசு இளகாதா என்று ஒரு நப்பாசை.

தண்ணீர்த் தொட்டி வந்தது. இடது பக்கம் இரண்டு பாதைகள் பிரிந்தன. நான் சொல்லும் வழியில் இப்படி ஒரு பிரிவு கிடையாது.

“எந்தப் பாதைக்கா?” என்றான் தம்பி.

“மேல ஏறுறதுதான். இதுகூடவா தெரியாது?” என்று எரிந்து விழுந்தேன்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மலை முடிகிற வழியாக இல்லை. இன்னும் எவ்வளவு தூரம் என்று அவன் கேட்கும்போதெல்லாம் “இதோ வந்தாச்சு” என்றேன்.

ஒருவழியாக உச்சிக்குப் போனோம். பெஞ்சில் ஒரு வயதான தம்பதி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மா, நேத்து கவுன்ட்டர்ல அரை மணி நேரம்னு சொன்னது நீதானே? எங்களுக்கு ரெண்டரை மணி நேரம் ஆச்சு! நீ என்னிக்காவது இதுல ஏறியிருக்கியா?”

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

“நீ இங்க வந்ததே இல்லையா?” என்றான் தம்பி.

“இல்ல.”

“இத்தனை வருஷமா? ஏன்க்கா?”

கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. ஆறு, பள்ளிக்கூட மைதானம், என் பேருந்து நிலையத்தின் தகரக் கூரை. அடேயப்பா, என்ன அழகு! உயிரையே வைத்திருக்கிற ஊரை இப்படிப் பார்க்காமலே இருந்துவிட்டேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் எனக்கு உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும்.

“யார்கூடடா வர்றது? அம்மா படுக்கையில கெடந்தாங்க. அவங்க போனப்புறம் வீட்ல நான் ஒருத்தி. தனியா வந்து நின்னு, ஐயோ எவ்வளவு நல்லாருக்குன்னு யார்கிட்டச் சொல்ல?”

அவன் போனை எடுத்தான்.

“ஆஸ்பத்திரிங்களா? நான் சேர்ந்துக்கறேன் சார். அங்க முடிச்சிட்டு வர ரெண்டு மாசம் ஆகும்.”

சந்தோஷத்தில் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

“படுபாவி, இதைக் கீழயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? என் முட்டியாவது தப்பிச்சிருக்கும்.”

“நீ இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட என்னை வந்துடுன்னு சொல்லலியேக்கா” என்றான்.