முத்திரை கேட்காத கச்சேரி

அடுப்புப் பற்றவைக்க என் வீட்டுக்காரர் லுபோர் ஹனாக் இசை எழுதும் தாளைக் கிழித்த அன்றுதான் எனக்குப் பொறுமை போனது. வெறும் தாள்தானே என்றார். இனிமேல் எழுதப் போவதில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்!

அறுபத்தெட்டில் ரஷ்ய டாங்கிகள் எங்கள் நாட்டுக்குள் வந்தபோது, வந்தது நல்லதுக்குத்தான் என்று கட்சிக்காரர்கள் கையெழுத்துக் கேட்டார்கள். இவர் மாட்டேன் என்றார். அதோடு வானொலியில் இவர் இசை நின்றது. புது சிம்பொனி அரங்கேறாமலே பெட்டிக்குள் போனது. ஐந்து வருஷமாகப் பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அதில் எனக்கு வருத்தமில்லை, வேலை என்றால் வேலை. கேட்க ஆளில்லாமல் எழுதுகிறவன் பைத்தியம் என்று பேனாவை மூடினார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. மனுஷன் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டார்.

அந்த வாரம் எங்கள் ஊர் பேண்டில் ட்யூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதிய அலோயிஸ் செத்துப்போனார். எங்களூரில் பேண்டு இல்லாமல் யாரும் கல்லறைக்குப் போனதில்லை. கச்சேரி என்றால் என்னென்ன வாசிக்கிறோம் என்று எழுதிக்கொடுத்து ஊராட்சி அலுவலகத்தில் அனுமதி முத்திரை வாங்க வேண்டும். சாவுக்கு எவன் முத்திரை கேட்பான்? சிம்பொனியின் மெதுவான பகுதியை லுபோருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு பேண்டு தலைவர் குபிஷிடம் ஓடினேன். கசாப்புக்கடைக்காரர். கையைத் துடைத்துக்கொண்டு தாளைப் புரட்டினார்.

"ஏம்மா, இதை ஊதினா அலோயிஸோட சேர்த்து எங்களையும் புதைக்கணும்" என்றார்.

"ஊத வராதுன்னு சொல்லுங்க, போயிடறேன்" என்றேன்.

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பத்துப் பேருக்குப் பிரித்து எழுதி, கடைக்குப் பின்னால் மூன்று நாள் பழகினார்கள். அலோயிஸின் மனைவியும் தாராளமாக வாசியுங்கள் என்றாள்.

சனிக்கிழமை சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது ஆரம்பித்தார்கள். லுபோர் என் கையைப் பிடித்த பிடியில் கன்றிப்போனது. உச்சத்தில் கொம்பு இரண்டு இடத்தில் பிசிறடித்தது. ஆனாலும் அது அவருடையது, ஊரே கேட்டது. நான் வாய்விட்டு அழுதேன். அலோயிஸுக்காக என்று நினைத்திருப்பார்கள்.

எங்களுக்கு எதிரே ஊராட்சிச் செயலாளர் பெக்காரெக் நின்றிருந்தார். அந்த சிம்பொனிக்கு முத்திரை போட மறுத்தவரே அவர்தான். முடிந்ததும் நேராக எங்களிடம் வந்தார். நிலக்கரி அள்ளும் வேலைக்கும் உலை வைத்துவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"இது யாரோடதுன்னு நான் கேக்கப் போறதில்லை, ஹனாக்" என்றார். தொப்பி இன்னும் கையில்தான் இருந்தது. "எங்கப்பாவுக்கு எண்பத்தாறு. படுத்த படுக்கையா இருக்காரு. அவருக்கும் இதையே வாசிப்பாங்களா?"

லுபோர் குழியைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார்.

"இது அலோயிஸோடது, தோழர். உங்கப்பா எப்படிப்பட்டவர்னு சொல்லுங்க. அவருக்கு வேற எழுதுறேன்."