ஒரு நூல்

பல்லடம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த சமுதாயக் கல்லூரியில் அந்த முறை இரும்பு கடையும் லேத் வேலை படித்தவர்கள் பன்னிரண்டு பேர். அதில் பதினொரு பேர் ஆண்கள். மிச்சமிருந்த ஒருத்தி ஆஷா. நாசரேத் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவள், முப்பது வயது. ஆறு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் நின்று, துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டி வெட்டி, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதுதான் கண்ட பலன். இனி அந்த மேசைப் பக்கமே போவதில்லை என்று வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். லேத்திலும் நின்றுகொண்டுதான் வேலை என்பதை அவளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

படிப்பு முடிகிற வாரம் மகுடேஸ்வரன் வந்தார். நிட்டிங்கும் சேர்த்து நடத்துகிற பனியன் கம்பெனி முதலாளி. பழுது பார்க்கும் பிரிவுக்கு அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. வாத்தியார் தரணீதரன், ஆஷாவைவிட நாலு வயது இளையவர், அவளைக் கைகாட்டினார். "ஒரு வேலை குடுத்துப் பாருங்க. புடிச்சிருந்தா வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்க்கப் போய்விட்டார்.

மகுடேஸ்வரன் பையிலிருந்து விரல் நீளத்தில் ஓர் இரும்பு அச்சை எடுத்தார். துணி இழுக்கிற ரோலருக்குள் போகிற அச்சு, கடையில் புதிதாக வாங்கியது. நீளம் கூடிப்போய் மூடியில் உரசுகிறதாம்.

"ஒரு நூல் எடுத்துக் குடுங்க அம்மிணி, போதும்" என்றார். சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஆஷாவுக்கு மனசுக்குள் சிரிப்பு. முதல் வாரமே தரணீதரன் சொல்லிக் கொடுத்திருந்தார்: "பட்டறையில நூல்னா இஞ்சுல எட்டுல ஒரு பங்குங்கக்கா. மூணு மில்லிக்குக் கொஞ்சம் மேல." அன்றைக்கு அது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது அது அவளுடைய பாஷை. மூன்று மில்லி கொஞ்சம் அதிகமோ என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவாரே என்று வாயை மூடிக்கொண்டாள். அச்சின் நீளத்தையும் பருமனையும் அளந்து நோட்டில் எழுதினாள். லேத்தில் மாட்டி முனையைச் சீவினாள். மூன்று மில்லி சுருள் சுருளாகத் தட்டில் விழுந்தது.

திரும்பி வந்த மகுடேஸ்வரன் அச்சை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏனுங்க, இது எத்தன எடுத்தீங்க?"

"ஒரு நூல் சார். நீங்க சொன்னீங்கல்லா."

"நூல்னா நூலுங்க அம்மிணி! கோன்ல சுத்தியிருக்குமே, அந்த நூல் கனம்!"

இரும்பு துணியல்ல, ஒட்டுப்போட முடியாது. செக்கிங் மேசை ஆஷாவின் கண் முன்னால் வந்து நின்றது. ஆறு வருடம் நூலோடு கிடந்தவளுக்கு, ஒரு பனியன் கம்பெனிக்காரர் வாயிலிருந்து வரும் நூல் என்ன நூல் என்று தெரியாமல் போயிற்று. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மகுடேஸ்வரன் பையை மூடினார். "பரவால்லீங்க. கோயமுத்தூர்லயே ஆள் பாத்துக்கறனுங்க."

அவர் சட்டைக் கையில் வெள்ளை நூல் ஒன்று சாண் நீளத்துக்குத் தொங்கியது. ஆஷா யோசிக்கவில்லை. பழகிய விரல் தானாகவே போய் அதை எடுத்தது. விரலிடுக்கில் ஒருமுறை உருட்டிக் கனம் பார்த்தாள்.

"முப்பதாம் நம்பர் நூல்தானே சார்?"

"ஆமாங்க" என்றார் அவர் தன்னை அறியாமல்.

"ஒரு மணி நேரம் இருங்க சார். பழைய அளவு நோட்டுல இருக்கு. புதுசாவே செஞ்சு தாரேன்."

துளை போடுகிற சன்னமான ட்ரில் கம்பி ஒன்றில் அந்த நூலை இடைவெளி விடாமல் பத்துச் சுற்றுச் சுற்றி, மொத்த அகலத்தை அளந்து பத்தால் வகுத்தாள். ஒரு மில்லியில் ஆறில் ஒரு பங்குகூட முழுசாகத் தேறவில்லை. எழுதி வைத்த நீளத்தில் அதைக் கழித்தாள். புது இரும்புக் கம்பியை லேத்தில் மாட்டி, பழைய பருமனுக்குக் கடைந்து, நீளம் பார்த்து வெட்டி, ஓரம் சீவித் துடைத்தாள். மகுடேஸ்வரன் ஸ்டூலில் உட்கார்ந்து, போனைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூல் நம்பரெல்லாம் எங்கீங்க பழகுனீங்க?"

"உங்க கம்பெனிலதான் சார். செக்கிங்ல. ஆறு வருசம்."

அவர் டிரைவரிடம் கம்பெனிக்கு அச்சைக் கொடுத்தனுப்பினார். அரை மணி நேரத்தில் போன் வந்தது. கேட்டுவிட்டு, "உரசலீங்களா? செரி, ஓடட்டும்" என்று வைத்தார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார்.

"உங்க பேரு என்னங்க அம்மிணி?"

"ஆஷா, சார்."

"திங்கக்கெழம வந்துருங்க. ஒண்ணுங்க, இனிமே சந்தேகம்னா எங்கிட்ட கேட்டுப்போடுங்க."

"கேக்கேன் சார்" என்றாள் ஆஷா. "நீங்களும் மில்லியிலயே சொல்லிருங்க."