வடக்கே சாய்ந்த பீடம்

தேவாலயத்தில் பீடம் இருக்கும் பகுதியான பீடக்கூடத்தைப் புதிதாகக் கட்டும்போதும் பூசை நிற்கக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. அதனால் மேஸ்திரி வைமண்ட் பழைய பீடக்கூடத்தை இடிக்காமல், அதைச் சுற்றியே புதுச் சுவர்களை எழுப்பினான். பழைய சுவர் குறுக்கே மறைத்ததால், மக்கள் நிற்கும் கூடத்திலிருந்து உள்ளே நேராக நூல் பிடிக்க முடியவில்லை. கூரைமேல் ஏறி முகட்டோடு நூலை இழுத்து, அந்தக் கோடியில் தூக்குக்குண்டு தொங்கவிட்டிருந்தால் நேர்கோடு கிடைத்திருக்கும். அரை நாள் வேலைதான். சோம்பல்பட்டு, வெளியே நின்று கண்ணளவில் கோடு போட்டுவிட்டான்.

பழைய சுவரை இடித்ததும் குட்டு வெளிப்பட்டது. வாசலிலிருந்து பார்த்தால் பீடம் வடக்கே ஒதுங்கி நின்றது.

ஞாயிறு பூசையில் பங்குச்சாமியார் ஆஸ்பெர்ன் பூரித்துப்போனார். "பாருங்க! கோவில் ஆண்டவரோட உடம்புன்னா, பீடம்தான் தலை. சிலுவையில ஆண்டவர் தலை சாஞ்ச மாதிரியே கட்டியிருக்கார் நம்ம மேஸ்திரி!"

பக்கத்தில் நின்ற ரொட்டிக்கார எமோட் வைமண்டின் விலாவில் இடித்தாள். "யோவ், நீ குடிச்சிட்டு கட்டிட்டேன்னுல்ல நெனச்சேன். மன்னிச்சுக்கய்யா." குரல் உடைந்தது. "என் புருஷன் போனதுலேருந்து இன்னைக்குத்தான்யா அழுகையே வந்துச்சு."

வைமண்டுக்குக் காதுமடல் எரிந்தது. "இல்லம்மா, அது வந்து..."

"சும்மா இரு. இவ்வளவு அடக்கம் ஆகாது."

ஈரமான அவள் கண்களைப் பார்த்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதையும் அவள் பணிவு என்றே எடுத்துக்கொண்டாள்.